ஒளி சொல்லும் வெப்பம்



1944 முதல் நம் பாபநாசத்தில் தாமிரபரணி நீர் மின்சாரம் தந்து வருகிறது. சூரியனுள் நடப்பதைப்போல் அணுக்கருக்களைப் பிணைத்து மின்சாரம் பெறவும் உலகம் முயல்கிறது. அதற்கென நம் நாடு சொந்தமாக வடிவமைத்த முதல் டோக்கமாக் 'ஆதித்யா'. குஜராத்தின் பிளாஸ்மா ஆராய்ச்சி நிலையத்தில் 1989இல் அது இயங்கத் தொடங்கிற்று.

அதனுள் பிளாஸ்மா பல லட்சம் பாகை வெப்பமுடையது. எந்த வெப்பமானியை உள்ளே நுழைப்பது? வரலாறு பயின்ற நமக்கும் வியப்பளித்த கேள்வி இது. ஒளியைத்தான் கேட்கவேண்டும். அடுப்பில் உப்புநீர் சிந்தினால் சுடர் மஞ்சளாவதைக் கண்டிருக்கிறோம். அது சோடியத்தின் ஒளி. அவ்வாறே ஒவ்வொரு தனிமத்திற்கும் தனி வரிகள் உண்டு. எட்டு எலக்ட்ரான்களில் ஐந்தை இழந்த ஆக்சிஜன் 103.2 நானோமீட்டர் அலைநீளத்தில் புறவூதா ஒளி வீசும். பதினான்கை இழந்த இரும்பு 28.4 நானோமீட்டரில் ஒளிரும். இவ்வொளியைக் காற்றே விழுங்கிவிடும், கண்ணாடியும் வழிவிடாது. ஆகவே நிறமாலைமானியையும் வெற்றிடமாக்கி டோக்கமாக்குடன் இணைக்கின்றனர்.

இனிக் கணக்கு. அணுக்கள் எவ்வளவு விரைவில் எலக்ட்ரானை இழக்கும், எவ்வளவு விரைவில் மீண்டும் பற்றும், சுவரருகிலிருந்து உள்ளே எப்படிப் பரவும் என்பவற்றைச் சமன்பாடுகளாக எழுதினால், எந்த வரி எவ்வளவு ஒளிரவேண்டும் என்பதைக் கணிப்பொறி சொல்லும். அளந்த ஒளியோடு பொருந்தாவிடில் அனுமானத்தைத் திருத்தி மீண்டும் போடுவர். பொருந்தினால், மாசு எவ்வளவு, எங்கே என்பது புலனாகும். மாசு மிகுந்தால் வெப்பமெல்லாம் ஒளியாய் வெளியேறிப் பிளாஸ்மா குளிர்ந்துவிடும்.

வெப்பத்திற்கும் எலக்ட்ரான் இழப்பிற்கும் உள்ள உறவை 1920இல் சமன்பாடாக்கியவர் மேகநாத் சாகா. டாக்கா அருகே சிற்றூர் மளிகைக்கடைக்காரரின் மகன். கல்கத்தா விடுதியில் சாதியைக் காட்டி உடனுண்ண மறுத்தனர் சக மாணவர். அவருடைய சமன்பாடோ விண்மீன்களின் நிறமாலையை விளக்கிற்று. டோக்கமாக்கின் பிளாஸ்மா மிக மெலிந்தது. ஆதலால் அங்கே அது அப்படியே செல்லாது, வேறு சமநிலைக் கணக்கு வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

பத்தாம் வகுப்பு முடித்த நம் பிள்ளைகளுள் பலர், இயற்பியல் நமக்கு வராது என்கின்றனர். யார் சொன்னார் என்றால் விடையில்லை. பழைய குறுந்தகட்டையும் அட்டைப்பெட்டியையும் கொண்டு வாருங்கள், நிறமாலைமானி செய்வோம். இக்கூடத்துக் குழல்விளக்கில் பாதரசத்தின் பச்சை வரி தெரியும். அதே பாதரசம் மிகுதியாக உமிழும் 253.7 நானோமீட்டர் புறவூதா மட்டும் குழலைத் தாண்டி வராது.