சட்டம் கற்க விரும்பும் தங்கைகளுக்கு

(நூற்றாண்டையொட்டி உயர்தர வகுப்பு மாணவியருக்காக நடைபெற்ற தொழில் வழிகாட்டல் நிகழ்வில், பழைய மாணவியர் சங்கத்தின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



கொட்டாஞ்சேனையிலிருந்து புதுக்கடை நீதிமன்றங்களுக்கு நடந்தே போகலாம். வெள்ளவத்தையிலிருந்தும் தூரமில்லை. ஆயினும், சிங்களத்தில் எழுதப்பட்ட வாக்குமூலத்தின் கீழே, என்ன எழுதியிருக்கிறது என்று அறியாமலே கையொப்பம் வைத்துவிட்டு வந்த எம்மவர் எத்தனையோ பேர். தமிழும் அரசகரும மொழி என்று 1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் சொன்னது. அதை எழுந்து நின்று எடுத்துச் சொல்ல ஒருவர் வேண்டும். அவர் உங்களுள் ஒருவராக இருக்கவேண்டும் என்பது எமது ஆசை.

வழிகள் பல. கொழும்புப் பல்கலைக்கழகச் சட்ட பீடத்திலும், பேராதனை, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகங்களிலும் இசற் புள்ளியின்படி இடம் கிடைக்கும். திறந்த பல்கலைக்கழகமும் சட்டமாணிப் பட்டம் வழங்குகிறது. 1874இல் தொடங்கிய இலங்கைச் சட்டக் கல்லூரிக்கு அனுமதிப் பரீட்சை உண்டு. ஒரு வினாத்தாள் மொழியாற்றலையும், மற்றது பொது அறிவையும் நுண்ணறிவையும் சோதிக்கும். பட்டம் பெற்றவரும் சட்டக் கல்லூரிப் பரீட்சைகளில் சித்தியடைந்து, மூத்த சட்டத்தரணி ஒருவரிடம் பயிற்சி பெற்ற பின்னரே உயர் நீதிமன்றத்தில் சத்தியப்பிரமாணம் செய்யலாம்.

இங்கே விண்ணப்பப் படிவம் "ஏன் சட்டம்?" என்று கேட்பதில்லை. பெறுபேறுகளே உங்களுக்காகப் பேசும். சட்டக் கல்லூரிக்குச் சாதாரண தரத்திலேயே ஆங்கிலத்திலும் தாய்மொழியிலும் திறமைச் சித்தி வேண்டும். ஆகவே பதினாறு வயதிலேயே ஆயத்தம் தொடங்கிவிடுகிறது.

சட்டக் கல்லூரிப் பரீட்சைகளை ஆங்கிலத்தில் மட்டுமே நடத்துவதற்கான ஒழுங்குவிதிகளைப் பாராளுமன்றம் 2023 மார்ச்சில் தோற்கடித்தது. தமிழில் எழுதும் உரிமை தப்பியது. அதற்காக ஆங்கிலத்தைக் கைவிட்டுவிடாதீர்கள். தீர்ப்பறிக்கைகள் ஆங்கிலத்தில், பொலிஸ் அறிக்கை சிங்களத்தில், கட்சிக்காரரின் கண்ணீர் தமிழில். மூன்றும் தெரிந்தவருக்கே கொழும்பில் மதிப்பு.

இன்றே தொடங்கக்கூடியவை சில. தினமும் ஓர் ஆசிரியர் தலையங்கத்தை வாசித்து ஐந்து வரிகளில் சுருக்குங்கள். அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகள் அத்தியாயத்தைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் அருகருகே வைத்துப் படியுங்கள். நீதிமன்றம் பொதுவாகத் திறந்த மன்று. விடுமுறையில் பெரியவர் ஒருவருடன் சென்று அமைதியாக இருந்து கேளுங்கள். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, பரீட்சைச் சான்றிதழ் மூன்றிலும் பெயர் ஒரே எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். வேறுபாடு இருந்தால் இப்போதே திருத்துங்கள்; முடிவுத் திகதிக்கு முதல்நாள் சத்தியக்கடதாசிக்கு ஓடவேண்டாம்.

இங்கிலாந்துக்கு விண்ணப்பிப்போருக்கு ஒரு சொல். 2026 அனுமதியிலிருந்து தன்னிலை விளக்கம் மூன்று கேள்விகளாகிவிட்டது: ஏன் இந்தப் பாடம், படிப்பு எவ்வாறு ஆயத்தப்படுத்தியது, வகுப்பறைக்கு வெளியே என்ன செய்தீர்கள். "சிறுவயது முதலே நீதியில் ஆர்வம்" என்று எழுதினால் யாரும் நிமிர்ந்து பார்க்கமாட்டார்கள். பார்த்ததை எழுதுங்கள்.

பார்ப்பதற்கு நம் வீட்டிலேயே விடயம் உண்டு. தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண், தன் பெயரிலுள்ள காணியை விற்கக் கணவரின் எழுத்துச் சம்மதம் பெறவேண்டும் என்று 1911ஆம் ஆண்டின் கட்டளைச்சட்டம் விதித்தது. அம்மாவின் சீதன உறுதியை எடுத்து வாசித்துப் பாருங்கள், "ஏன்?" என்ற கேள்வி தானே எழும். இத்தகைய கேள்விகளைத் தொடர்ந்த ராதிகா குமாரசுவாமி, 1994இல் பெண்களுக்கெதிரான வன்முறை தொடர்பான ஐ.நா.வின் முதலாவது விசேட அறிக்கையாளரானார்.

இறுதியாக, உலகெங்கும் வாழும் எம் சகோதரிகளிடம் ஒரு வேண்டுகோள். வீட்டில் சட்டத்தரணி எவரும் இல்லாத பிள்ளைக்குப் பரீட்சையைவிடக் கடினமானது, பயிற்சிக்கு ஒரு மூத்தவரைத் தேடுவது. புதுக்கடையில் இருப்பவர்கள் உங்கள் அலுவலகத்தில் ஒரு கதிரை கொடுங்கள். தூரத்தில் இருப்பவர்கள் ஒரு பிள்ளையின் ஆங்கிலக் கட்டுரையை வாரம் ஒருமுறை திருத்திக் கொடுங்கள். நூறு ஆண்டுகளாக இந்தப் பாடசாலை எமக்குக் கொடுத்ததை நாம் திருப்பிக் கொடுப்பதற்கு இது ஒரு நல்ல வழி.