கீர்த்தி நகரில் ஒரு கட்டில்

தில்லியில் குடியேறிய நம்மவர் பலர் கட்டில் வாங்கப் புறப்படுவது கீர்த்தி நகருக்குத்தான். மரக்கடைகளும் பட்டறைகளும் நெருங்கி நிற்கும் அவ்வீதிகளில் நுழைந்ததுமே, மெருகெண்ணெயின் மணம் நம் பணப்பையை இளக்கிவிடுகிறது!

எங்கு நோக்கினும் சீசம் மரம். நம் ஈட்டி மரத்தின் குலத்தைச் சேர்ந்தது. கனமும் உறுதியும் உடையது. மாமரத்துக்குச் சாயம் ஏற்றிச் சீசம் என்று விற்பவரும் உண்டு. ஆகவே நாம் முகப்பின் பளபளப்பில் மயங்காமல், இழுப்பறையை உருவி, மெருகு எட்டாத பின்புறத்தை நோக்குகிறோம். அங்கேதான் மரம் தன் பெயரைச் சொல்லும். கடைக்காரர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும்.

பேரத்தில் நமது இந்தி தடுமாறினும் கணக்குத் தடுமாறுவதில்லை. தடுமாற்றம் வேறிடத்தில். குளிர்காலத்து ரஜாய்களைக் கோடையில் எங்கே வைப்பது? அதற்கென்றே அடியில் பெட்டி அமைந்த கட்டில்கள் இருக்கின்றன. இல்லத்தரசியார் அதையே விரும்புகிறார். ஆனால் வாடகை வீட்டு மாடிப்படியின் திருப்பத்தில் அது திரும்புமா? மூன்றாண்டில் மாற்றல் உத்தரவு வந்தால் மீண்டும் இறக்க வேண்டுமே! இறுதியில், திருகாணி கழற்றிப் பிரிக்கக்கூடிய எளிய கட்டிலையே பேசி முடிக்கிறோம். ரஜாய்கள் பழையபடி பரணுக்கே போகும்.

புறப்படுமுன், ஊஞ்சல் பலகை உண்டா என்றும் கேட்டுவிடுகிறோம். கொக்கி மாட்ட வீட்டுக்காரர் இசையமாட்டார் என்பது நன்றாகத் தெரிந்திருந்தும்.