தனிவழியும் பொதுக்கூரையும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



வழிப்போக்கருக்கு மடம் கட்டுதல் நம் முன்னோர் பேணிய அறங்களுள் ஒன்று. யாழ்ப்பாணத்துத் தெருவோரங்களில் மடம், கேணி, சுமைதாங்கி, ஆவுரஞ்சிக் கல் என்பன அருகருகே அமைந்திருந்தமையைப் பெரியோர் அறிவர். மருதனார்மடம் முதலிய ஊர்ப்பெயர்கள் இன்றும் அதற்குச் சான்று. அவ்வறத்தை ஒத்ததாய் மேல்நாட்டில் எழுந்த இளைஞர் விடுதியைப் பற்றியே இன்று பேச முற்படுகின்றோம். படிப்புக்கும் தொழிலுக்கும் தனியே புறப்படும் நம் பிள்ளைகளிற் பலர், குறைந்த செலவில் இரவைக் கழிக்க இவ்வகை விடுதிகளையே நாடுகின்றனர்.

இதனைத் தொடக்கியவர் றிச்சாட் ஷிர்மான் என்னும் ஜேர்மானிய ஆசிரியர். 1909ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் மாணவர்களைக் கால்நடையாகச் சுற்றுலா அழைத்துச் சென்றபோது பெரும் இடிமழை பிடித்துக்கொண்டது. ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்கினார்கள். வைக்கோலைப் பரப்பிப் பிள்ளைகள் உறங்கினர். ஆசிரியருக்கோ உறக்கம் வரவில்லை. விடுமுறைக் காலத்தில் வெறுமனே பூட்டிக் கிடக்கும் பள்ளிக்கூடங்களை ஏன் இளைஞர் தங்கும் இடமாக்கலாகாது என்று அவர் சிந்தித்தார். அச்சிந்தனையின் பயனாய் 1912இல் அல்ரேனா என்னும் ஊரின் பழங்கோட்டையில் உலகின் முதலாவது நிலையான இளைஞர் விடுதி திறக்கப்பட்டது. 1932இல் பல நாட்டுச் சங்கங்களும் அம்ஸ்ரடாமிற் கூடி அனைத்துலகச் சம்மேளனத்தையும் அமைத்தன.

இனி இவ்விடுதிகளின் விசித்திரங்களைக் கேளுங்கள். இங்கே வாடகைக்குக் கிடைப்பது அறையன்று, கட்டில். ஓர் அறையில் ஆறு, எட்டு, பன்னிரண்டு கட்டில்கள் அடுக்கடுக்காய் இருக்கும். கீழ்க்கட்டில் கிடைத்தவன் பாக்கியவான். மேற்கட்டில் கிடைத்தவன் சாமத்தில் ஏணியில் இறங்கினால் வீடு முழுவதும் விழித்துவிடும். குறட்டைக்கு மொழி வேறுபாடு இல்லை என்பதை அங்கேதான் அறிகின்றோம். விடியற்காலை நான்கு மணிக்குப் புகைவண்டி பிடிக்க வேண்டிய ஒருவர், அந்நேரத்திலேதான் தம் உடைமைகளையெல்லாம் பொலித்தீன் பைகளில் அடுக்கத் தொடங்குவார். அந்தச் சரசரப்புக்கு முன்னே குறட்டையும் தாலாட்டாகும்!

சமையலறை இன்னொரு உலகம். குளிர்சாதனப் பெட்டியில் ஒவ்வொரு பையிலும் உரியவரின் பெயரும் புறப்படும் நாளும் எழுதியிருக்கும். புறப்பட்டவர் விட்டுச்சென்ற அரிசி, உப்பு, எண்ணெய் முதலியன ஒரு தட்டில் இருக்கும். அவற்றை எவரும் எடுக்கலாம். முகம் தெரியாத ஒருவர் விட்ட அரிசியில் நமது சோறு வேகும். மரக்கறி உண்போர்க்கு ஒரு சங்கடம்: பாத்திரம் எல்லார்க்கும் பொது. முதலில் நன்றாகத் தேய்த்துக் கழுவிய பின்னரே உலை வைக்க வேண்டும். காலையில் நெற்றியில் விபூதியைக் கண்டு, இது என்னவென்று கேட்பாரும் உளர். கேட்பது பரிகாசத்தினாலன்று, அறியும் ஆவலினால். விடை சொல்லத் தெரிந்துகொண்டு போவது நம் கடன்.

பெற்றோரின் அச்சமும் நியாயமானதே. ஆதலாற் சில சொல்லுவோம். பெண்களுக்கென்றே தனியறை பல விடுதிகளில் உண்டு. முன்னரே கேட்டு ஒழுங்கு செய்தல் வேண்டும். பொருள் வைக்கும் பெட்டி இருக்கும். பூட்டும் திறப்பும் நாமே கொண்டு செல்வது நல்லது. கடவுச்சீட்டையும் பணத்தையும் உறங்கும்போதும் உடம்போடு வைத்திருத்தல் வேண்டும். சேரும் இடத்தையும் புறப்படும் நாளையும் வீட்டாருக்கு அறிவித்தல் வேண்டும். புறப்படும்போது படுக்கை விரிப்பைத் தாமே கழற்றிக் கொடுப்பது பல விடுதிகளில் வழக்கம். அடுத்து வருபவர் யாரென்று தெரியாது. ஆயினும் அவருக்காக இடத்தைத் துப்புரவாக விட்டுச் செல்கின்றோம். முன்பின் அறியாதவருக்கு உதவுகின்ற இப்பண்பு மடம் கட்டிய மனத்துக்கு அந்நியமானதன்று.

அன்பர்களே, மடமாயினும் விடுதியாயினும் அதன் பெருமை கூரையில் இல்லை, கதவில் இருக்கின்றது. 1933இல் நாஜிகள் ஆட்சியைப் பிடித்ததும் ஜேர்மானிய விடுதிகள் ஹிட்லரின் இளைஞர் இயக்கத்தின் கைக்குப் போயின. யூதப் பிள்ளைகளுக்குக் கதவு அடைபட்டது. 1936இல் ஷிர்மான் அனைத்துலகத் தலைமையிலிருந்தே விலக நேர்ந்தது. கட்டிடங்கள் அப்படியே நின்றன. கட்டில்களும் அப்படியே கிடந்தன. அறம் மட்டும் வெளியேறிவிட்டது.

இதைக் கேட்டு நாம் பிறரை மட்டும் குறைகூறலாமா? வழிப்போக்கருக்கு அறம் செய்த நம் நாட்டிலேயே, கோயில் வாயிலும் தேநீர்க்கடை வாங்கும் எல்லார்க்கும் திறந்திருக்கவில்லை. சாதியின் பேரால் ஒருவரைப் பொது இடத்தில் மறிப்பது குற்றமென்று 1957இல் சட்டம் இயற்ற வேண்டி வந்தது. அதற்குப் பின்னரும், 1968இல் மாவிட்டபுரத்துக் கந்தன் வாயிலிலே அடியார்கள் உள்ளே செல்லப் போராட நேர்ந்தது. இவற்றை மறைப்பது சைவத்துக்குப் பெருமை தராது.

பிறநாட்டு விடுதியொன்றின் மேற்கட்டிலில் நம் பிள்ளை படுக்கும்போது, கீழே படுப்பவர் அவன் குலத்தைக் கேட்பதில்லை. எந்த நாடு, நாளை எங்கே பயணம் என்பவையே கேள்விகள். அந்த ஓர் இரவின் சமத்துவத்தை அனுபவித்துத் திரும்பும் வாலிபன், தன் ஊரின் கிணற்றடியிலும் கோயில் வீதியிலும் பழைய கேள்வியைக் கேட்பானாயின், அவன் பயணம் வீண் செலவே. வாலிபர்கள் தனியே செல்லட்டும். பெரியோர் தைரியமாய் அனுப்பட்டும். திரும்பி வந்தபின், நம் சங்க மண்டபத்தின் கதவும் நம் வீட்டுத் திண்ணையும் யாருக்குத் திறந்திருக்கின்றன என்பதை நாம் எல்லோரும் ஒருமுறை பார்ப்போமாக.