நமக்கென்று ஒரு வீடியோ சர்வர்
(தொழிலாளர் வகுப்பொன்றில் நிகழ்த்திய பேச்சின் எழுத்து வடிவம்)



இன்று நம்மில் அநேகமாக எல்லோர் கையிலும் செல்போன் இருக்கிறது. ஆலை வாசல் கூட்டத்தைப் படம் பிடிக்கிறோம். நடவு வயலில் பெண்கள் போடும் குலவையைப் படம் பிடிக்கிறோம். பிடித்த படத்தை எங்கே வைக்கிறோம்? பெரும்பாலோர் யூடியூபில்தான் ஏற்றுகிறோம். காசு கேட்பதில்லை, ஏற்றிய மறுநிமிஷம் உலகமே பார்க்கலாம். வசதிதான், மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த இடம் யாருடையது? அயலான் களத்தில் நம் நெல்லைக் கொட்டி வைத்தால், அவன் படலைச் சாத்துகிற அன்று நாம் வெளியேதான் நிற்க வேண்டும்.

இது வெறும் பயம் அல்ல. ஆம்ஸ்டர்டாம் நகரத்தில் ப்ளெண்டர் என்றொரு ஸ்தாபனம் உண்டு. கம்ப்யூட்டரில் சித்திரப் படம் செய்வதற்கான சாப்ட்வேரை எழுதி, உலகத்துக்கு இலவசமாகக் கொடுப்பவர்கள். தங்கள் பாடங்களையும் படங்களையும் விளம்பரம் இல்லாமல் யூடியூபில் வைத்திருந்தார்கள். 2018 ஜூன் மாதத்தில் அவர்களுடைய வீடியோக்கள் உலகம் முழுவதும் மூடப்பட்டன. விளம்பரம் சம்பந்தமாகக் கம்பெனி நீட்டிய ஒப்பந்தத்தில் கையெழுத்தாகவில்லை என்பதே விவகாரம். சில நாட்களில் மறுபடி திறந்துவிட்டார்கள் என்பது மெய்தான். ஆனால் அதற்குள்ளேயே ப்ளெண்டர்காரர்கள் சொந்தமாக ஒரு வீடியோ சர்வரை நிறுவிப் பரீட்சை பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். அதற்கு அவர்கள் எடுத்துக்கொண்ட சாப்ட்வேரின் பெயர் பியர்டியூப்.

சர்வர் என்றதும் மலைத்துப் போக வேண்டாம். இரவும் பகலும் அணையாமல் ஓடி, கேட்பவருக்குக் கேட்டதை எடுத்துக் கொடுக்கும் கம்ப்யூட்டர், அவ்வளவுதான். பியர்டியூப் அதில் ஓடும் சாப்ட்வேர். 2015ல் பிரான்சு நாட்டில் ஒரு புரோகிராமர் ஓய்வு நேரத்தில் இதை எழுத ஆரம்பித்தார். பிரமாசாப்ட் என்ற லாப நோக்கமற்ற சங்கம் 2017ல் அவரைச் சம்பளத்துக்கு அமர்த்திக்கொண்டது. 2018ல் ஜனங்களிடம் நிதி கேட்டார்கள். 53,000 யூரோவுக்கு மேல் சேர்ந்தது. அந்த வருஷம் அக்டோபரில் முதல் முழுப் பதிப்பு வெளிவந்தது. யாரும் எடுத்து நிறுவலாம், திருத்தலாம். திருத்திப் பொதுமக்களுக்கு நடத்துகிறவர், திருத்திய மூலத்தையும் கொடுக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை.

“நம்முடைய சின்ன சர்வரை யார் வந்து பார்ப்பார்கள்?” என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஒரு பியர்டியூப் சர்வர் இன்னொன்றைப் பின்தொடரலாம். அப்படித் தொடர்ந்தால் அங்குள்ள வீடியோக்களின் பட்டியல் இங்கும் தெரியும். படம் மட்டும் சொந்த சர்வரிலேயே இருக்கும். ஆனாலும் யூடியூபின் கூட்டம் இங்கே வராது. அதை இப்போதே சொல்லிவிடுகிறோம். கூட்டம் வேண்டிய படத்தை அங்கும் ஏற்றுங்கள். மூலம் நம்மிடம் இருக்கட்டும்.

செலவுக் கணக்குக்கு வருவோம். ஒரு மணி நேரப் பேச்சு, 720 அளவில், நொடிக்கு 2 மெகாபிட் என்று வைத்துக்கொள்வோம். அது சுமார் 900 மெகாபைட். 200 பேர் முழுதும் பார்த்தால் 180 ஜிகாபைட் நம் சர்வரிலிருந்து வெளியே போக வேண்டும். 200 பேரும் ஒரே நேரத்தில் பார்த்தால் நொடிக்கு 400 மெகாபிட். சின்ன சர்வருக்கு இது தாங்காத பாரம். இதற்கு பியர்டியூப் ஒரு வழி வைத்திருக்கிறது. நடவில் நாற்றுமுடி கைமாறிப் போகிறதல்லவா? கரையில் இருப்பவரே ஒவ்வொருவரிடமும் நடந்து வந்து கொடுப்பதில்லை. அதுபோல, ஒரே படத்தை ஒரே நேரத்தில் பார்ப்பவர்கள் தங்களுக்கு வந்த துண்டுகளை ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்கிறார்கள்.

இதில் ஒரு சங்கதியை மறைக்கக் கூடாது. துண்டைக் கைமாற்றும்போது, பார்ப்பவருடைய இணைய முகவரி மற்றப் பார்வையாளருக்குத் தெரியக்கூடும். ஆலைத் தகராறு நடக்கும் சமயத்தில் யார் எதைப் பார்த்தார் என்று தெரிவது எல்லோருக்கும் சம்மதமாக இராது. பார்ப்பவர் இந்தப் பங்கீட்டை நிறுத்திக்கொள்ளலாம். நடத்துபவர் சர்வர் முழுவதற்குமே நிறுத்தலாம். எது நம் முடிவு என்பதைப் பேசித் தீர்மானித்து, முகப்பில் எழுதிப் போட வேண்டும்.

நிறுவும் வேலை சுருக்கமானது. லினக்ஸ் ஓடும் ஒரு வாடகை யந்திரம் வேண்டும். இரண்டு கோர், நான்கு ஜிகாபைட் ராம் இருந்தால் சிறிய அளவுக்குப் போதும். சொந்தமாக ஒரு டொமைன் பெயர். போஸ்ட்கிரெஸ், ரெடிஸ், நோட், எப்எப்எம்பெக், என்ஜின்எக்ஸ் என்று துணைச் சாப்ட்வேர்கள். டாக்கர் வழியாகவும் நிறுவலாம். பழகிய ஆளுக்கு ஒரு நாள் வேலை. நிர்வாகியின் முதல் பாஸ்வேர்டு லாகில் விழும். அதை உடனே மாற்றிவிட வேண்டும். டொமைன் பெயரை மட்டும் நிதானமாக யோசித்து வையுங்கள். மற்ற சர்வர்கள் நம்மை அந்தப் பெயரால்தான் அறியும். பின்னால் மாற்றினால் பழைய தொடர்புகள் அறுந்துபோகும்.

இடம் தின்னும் விஷயத்துக்குத்தான் அதிக கவனம் வேண்டும். ஸ்பின்னிங்கில் வேலை செய்கிறவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். உள்ளே வருவது ஒரே பஞ்சு. வெளியே 20ம் நம்பர், 40ம் நம்பர், 60ம் நம்பர் என்று வேறு வேறு நூல் போகிறது. ஏற்றிய ஒரு வீடியோவையும் சர்வர் பல அளவுகளில் மறுபடி நூற்று வைக்கிறது. நல்ல சிக்னல் உள்ளவருக்கு 1080. பஸ்ஸில் போகிறவருக்கு 360. உத்தேசமாகச் சொன்னால் ஒரு மணி நேரப் படத்துக்கு 1080, 720, 480, 360 நான்கும் சேர்ந்து மூன்றரை ஜிகாபைட் ஆகிறது. 1080ஐ விட்டுவிட்டால் பாதிக்கும் குறைவு. செல்போனில் எடுத்த மூலத்தையும் வைத்துக்கொண்டால் அது தனியாக ஏழெட்டு ஜிகாபைட் இருக்கும். நம் அபிப்பிராயம் என்னவென்றால், பேச்சுக்கு 1080 தேவையில்லை. முகம் தெரிந்து குரல் தெளிவாகக் கேட்டால் போதும். நாடகத்துக்கும் கூத்துக்கும் வேண்டுமானால் வைக்கலாம்.

இந்த நூற்பு வேலை யந்திரத்தின் உயிரை வாங்கும். சின்ன யந்திரத்தில் ஒரு மணி நேரப் படத்துக்கு ஒரு மணிக்கு மேலும் பிடிக்கலாம். அதுவரை தளமே திணறும். 2023ல் வந்த 5.2 பதிப்பிலிருந்து இந்த வேலையை வேறு கம்ப்யூட்டரில் ஜாப் ஒர்க் கொடுக்க முடிகிறது. சங்க ஆபீசில் இருக்கும் கம்ப்யூட்டரே போதும்; அது சர்வரிடம் வேலையைக் கேட்டு வாங்கி, முடித்துத் திருப்பி அனுப்பும். பெரிய யந்திரத்துக்கு மாதா மாதம் வாடகை கொடுப்பதைவிட இது மேல்.

சரி, நிறுவியாகிவிட்டது. படம் ஓடுகிறது. எல்லோரும் கை தட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டால்? டிஸ்க் நிரம்பினால் டேட்டாபேஸ் எழுத முடியாமல் நின்றுவிடும். லெட்ஸ் என்கிரிப்ட் கொடுக்கும் இலவச சான்றிதழ் வழக்கமாக 90 நாளைக்குத்தான். தானாகப் புதுப்பிக்க ஏற்பாடு உண்டு, ஆனால் அந்த ஏற்பாடு ஓடுகிறதா என்று ஒருவர் பார்க்க வேண்டும். புதுப் பதிப்பு வரும்போது அதன் குறிப்பைப் படிக்காமல் ஏற்றக் கூடாது. ஏற்றாமலே விட்டாலும் பாதுகாப்பு ஓட்டை அப்படியே இருக்கும். மாசம் ஒரு முறை பார்த்துக்கொள்ளலாம் என்பது சரிப்படாது. ரிங் பிரேமுக்கு எண்ணெய் போடுவதை மாசம் ஒரு முறை என்று வைப்போமா?

பணமும் படிப்பும் உள்ளவர்களுக்கும் இதே பாடுதான். ஐரோப்பிய யூனியனின் தகவல் பாதுகாப்பு அலுவலகம் 2022 ஏப்ரலில் ஒரு பியர்டியூப் சர்வரைப் பரீட்சார்த்தமாகத் துவக்கியது. யூனியனின் பல நிறுவனங்கள் அதில் வீடியோ போட்டன. 2024 மே மாதத்தில் மூடிவிட்டார்கள். ஏன்? நிரந்தரமாக நடத்தும் பொறுப்பை யூனியனுக்குள்ளேயே வேறெந்த நிறுவனமும் ஏற்க முன்வரவில்லை. சாப்ட்வேரில் குறை என்பதற்காக மூடவில்லை.

ஆகவே முதலில் ஆட்களைச் சொல்லுங்கள், பிறகு யந்திரத்தைப் பற்றிப் பேசலாம் என்பது நமது யோசனை. குறைந்தது மூன்று பேர். வாரத்துக்கு ஒருவர் முறை. டிஸ்க்கில் மிச்சம் எவ்வளவு, நேற்றைய காப்பி வந்து சேர்ந்ததா, புகார் ஏதும் உண்டா என்று முறைக்காரர் ஒரு நோட்டில் எழுத வேண்டும். ஷிப்டு மாறும்போது அடுத்தவரிடம் சொல்லிவிட்டுப் போகிறோமே, அதே பழக்கந்தான்.

புகார் என்றதால் ஒரு வார்த்தை. யார் வேண்டுமானாலும் கணக்குத் திறந்து வீடியோ ஏற்றலாம் என்று விட்டால், கண்டவனும் கண்டதையும் கொட்டுவான்; கேள்வி வரும்போது பதில் சொல்ல வேண்டியவர் சர்வர் நடத்துபவர். பதிவை மூடி வையுங்கள், அல்லது ஒவ்வொரு விண்ணப்பத்தையும் பார்த்து அனுமதியுங்கள். ஆளுக்கு இத்தனை ஜிகாபைட் என்று அளவும் வையுங்கள். பிறர் ஏற்றும் படங்களைத் தாங்கும் தளம் குறை கேட்கும் அதிகாரியின் பெயரையும் தொடர்பு விவரத்தையும் தளத்திலேயே வெளியிட வேண்டும் என்பது 2021ஆம் வருஷத்துத் தகவல் தொழில்நுட்ப விதி. ஒரு வழக்கறிஞரிடம் இதைக் கேட்டுக்கொள்வது நல்லது.

கடைசியாகக் காப்பி விஷயம். விதைநெல்லை யாரும் சாப்பாட்டு நெல்லோடு ஒரே குதிரில் கொட்டுவதில்லை. டேட்டாபேஸ், வீடியோக்கள் இருக்கும் டைரக்டரி, கான்பிகரேஷன் பைல் ஆகிய மூன்றும் தினந்தோறும் வேறொரு இடத்துக்குப் போக வேண்டும். அதே யந்திரத்தின் இன்னொரு மூலையில் எடுத்து வைப்பது காப்பி ஆகாது. யந்திரம் போனால் இரண்டும் போகும். வீடியோ மட்டும் இருந்து டேட்டாபேஸ் இல்லாவிட்டால், எந்தப் பைல் எந்தக் கூட்டம் என்று தெரியாத ஒரு குவியல்தான் மிஞ்சும். காப்பி இருக்கிறது என்று சொன்னால் மட்டும் போதாது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை, ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேறொரு பழைய கம்ப்யூட்டரில் அந்தக் காப்பியிலிருந்து சர்வரை எழுப்பி, ஏதாவது ஒரு படத்தை ஓட்டிப் பார்க்க வேண்டும். டொமைன் பெயருக்கான வருஷக் கட்டணமும் வாடகை யந்திரத்தின் கணக்கும் ஒரு தனி ஆளின் ஈமெயிலில் இருக்கக் கூடாது. அவர் ஊர் மாறிப் போனால் நாம் அவரைத் தேடி அலைய வேண்டியிருக்கும். சங்கத்தின் பெயரில் ஒரு ஈமெயில் திறந்து, பாஸ்வேர்டை எழுதி உறையிலிட்டு ஒட்டி, பொருளாளர் பீரோவில் வைத்துவிடலாம்.