மலையும் பொழுதும் சொல்லும்



மலைப்புறச் சிற்றூர்களில் பருவநிலை மாற்றத்தை எதிர்கொள்வதற்கென மக்களைக் கூட்டி நடத்தப்பெறும் பயிலரங்குகள் பற்றி இம்மாலை பேச எண்ணுகிறோம். மழையளவு வானிலையாளர்க்கு உரியது, மண்ணின் உறுதி நிலவியலாளர்க்கு உரியது, மொழியியலார்க்கு இதில் என்ன வேலை என்று சிலர் வினவக்கூடும். எமது விடை சுருக்கமானது. மழையின் அளவு கருவியில் தெரிகிறது. ஆனால் ஒரு குடும்பம் பிள்ளைகளை எழுப்பிக்கொண்டு வீட்டைவிட்டு வெளியேறுவது ஒரு சொல்லைக் கேட்டுத்தான். அச்சொல் எங்கே பிறக்கவேண்டும், எப்படிப் பொருள் பெறவேண்டும் என்பது மொழியைப் பயில்வோர் ஆராயவேண்டிய வினா.

நிலமும் பொழுதும்

தொல்காப்பியம் முதற்பொருள் என்று இரண்டைக் கூறும்: நிலம், பொழுது. குறிஞ்சியாகிய மலைநிலத்திற்குக் கூதிரும் முன்பனியும் பெரும்பொழுது; யாமம் சிறுபொழுது. இன்ன நிலத்தில் இன்ன காலத்தில் இன்னது நிகழும் என்ற நம்பிக்கையின்மீதே நம் முன்னோரின் திணைக்கோட்பாடு நிற்கிறது. பருவநிலை மாற்றம் என்பதைத் தமிழ் மாணவர்க்கு ஒரே தொடரில் விளக்கச் சொன்னால், நிலத்தினின்று பொழுது பிரிந்துபோவது என்போம். காற்றின் வெப்பம் ஒரு பாகை செல்சியசு உயர்ந்தால் அக்காற்று ஏறத்தாழ 7 விழுக்காடு மிகுதியான ஈரத்தைத் தாங்கும். எனவே மழை வரும்போது ஒரேயடியாகக் கொட்டுகிறது. நீலகிரியின் அவலாஞ்சியில் 2019 ஆகஸ்டு 8ஆம் நாளில் பதிவான ஒருநாள் மழை 820 மில்லிமீட்டர். கோலாலம்பூரில் ஓராண்டு முழுதும் பெய்யும் மழையில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு அது.

குறிஞ்சிக்கு யாமத்தை வகுத்தது காதலர் சந்திப்பை எண்ணி. இன்றோ அந்த யாமம் வேறொரு பொருளைப் பெற்றுவிட்டது. 2020 ஆகஸ்டு 6ஆம் நாள் மூணாற்றுப் பகுதியின் பெட்டிமுடியில் தேயிலைத் தொழிலாளரின் லயங்கள் மண்ணில் புதைந்தது இரவில். 2024 ஜூலை 30ஆம் நாள் வயநாட்டின் முண்டக்கையும் சூரல்மலையும் அழிந்தது நள்ளிரவுக்குப் பின். நம் நாட்டில் 2013 அக்டோபர் 23ஆம் நாள், கேமரன் மலையின் அணைக்கட்டிலிருந்து திறந்துவிடப்பட்ட நீர் பெர்த்தாம் வேலியில் சேற்றோடு புகுந்ததும், 2022 டிசம்பர் 16ஆம் நாள் பத்தாங் காலியில் முகாமிட்டிருந்தோரில் 31 பேர் மாண்டதும் இரவின் நடுப்பகுதியிலேயே. ஆகவே மலையில் வாழ்வோர்க்கு உரிய எச்சரிக்கை, விளக்கு வைக்கும் நேரத்திற்கு முன்பே அவர்கள் வாசலை எட்டியிருக்கவேண்டும்.

இது மலைவாழ்நர் கவலை மட்டும் என்று பள்ளத்தாக்கில் வாழும் நாம் ஒதுங்க இயலாது. கிள்ளான் ஆறு உலு கிள்ளானுக்கு அப்பாலுள்ள மலைகளில் தோன்றி, கோலாலம்பூரைக் கடந்து, பிரிக்பீல்ட்சை ஒட்டி ஓடி, கிள்ளான் நகர் வழியே கடலை அடைகிறது. 2021 டிசம்பரில் தாமான் ஸ்ரீ மூடாவில் மக்கள் மாடிகளிலும் கூரைகளிலும் சிக்கித் தவித்ததை இந்த அவையில் பலர் நேரில் அறிவீர்கள். பிரிக்பீல்ட்ஸ் என்ற பெயரே ஒரு பேரிடரின் எச்சம்தான். 1881இல் தீயும் வெள்ளமும் அடுத்தடுத்துக் கோலாலம்பூரை அழித்தபின், மரத்தாலும் அத்தாப்பாலும் கட்டிய வீடுகளுக்கு மாற்றாகச் செங்கல்லும் ஓடும் வேண்டும் என்று ஆணை பிறந்தது. அதற்கான செங்கற்சூளைகள் எழுந்த இடமே இப்பகுதி. தகவமைதல் என்று நூலோர் கூறுவதை இவ்வூர் தன் பெயரிலேயே சுமந்து நிற்கிறது.

எச்சரிக்கையின் சொற்கள்

இனி, மக்களிடம் சென்று சேரும் சொற்களைப் பார்ப்போம். தமிழகத்தில் பேரிடர் மேலாண்மை என்பர். இலங்கையில் அதுவே அனர்த்த முகாமைத்துவம். தமிழகத்தார் பெரிதும் நிலச்சரிவு என்பதை இலங்கையரும் நாமும் மண்சரிவு என்கிறோம். மலாயில் பென்சானா என்ற சொல் வழங்குகிறது. வடமொழி வஞ்சன என்பதன் வழிவந்த அச்சொல், நம் வஞ்சனைக்கு உறவு. அதுபோலப் பஹாயா என்பது பயத்தின் உறவு. சொற்கள் கடல் கடந்து பொருள் மாறுவதில் குறையில்லை. ஆயினும் அபாய வேளையில் ஒரு சொல்லுக்கு ஒரு பொருளே இருத்தல் வேண்டும்.

நம் சரிவு என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். அது மலையின் சாய்வையும் குறிக்கும், மண் சரிவதையும் குறிக்கும். கேட்பவர் மனத்தில் மெல்ல வழுக்கும் மண்ணே தோன்றும். வயநாட்டில் வந்ததோ பாறையும் மரமும் நீரும் கலந்து பாய்ந்த பெருக்கு. மலையாளத்தார் மண்ணிடிச்சில் என்பதையும் உருள்பொட்டல் என்பதையும் வேறுபடுத்திப் பேசுகின்றனர். பின்னதைக் கேட்டவுடன் ஓடவேண்டும் என்பது குழந்தைக்கும் தெரியும். மலாயில் கெப்பாலா ஆயர் என்பர். நீரின் தலை என்பது நேர்ப்பொருள். மேல்மலையில் பெய்த மழை ஓடையில் திடீரெனத் தலையெடுத்து வருவதை அத்தொடர் கண்முன் நிறுத்துகிறது. அவ்வாறு ஓடச்செய்யும் சொல் நம் மலைத்தமிழில் என்ன என்பதைத் தேடி எழுதிவைப்பார் இல்லை.

அடுத்தது படிநிலைச் சொற்கள். இந்திய வானிலைத் துறையின் அளவீட்டில் 64.5 மில்லிமீட்டர் முதல் கனமழை, 115.6 முதல் மிகக் கனமழை, 204.4ஐத் தாண்டினால் அதி கனமழை. துறையறிந்தார்க்கு இவை தெளிவானவை. வானொலியில் கேட்கும் மூதாட்டிக்கு ‘மிக’ என்பதற்கும் ‘அதி’ என்பதற்கும் இடையே எத்தனை தூரம்? நம் நாட்டு வானிலைத் துறை தொடர்மழைக்கு வஸ்பாடா, புருக், பஹாயா என மூன்று நிலைகளை அறிவிக்கிறது. விழிப்பு, கடுமை, ஆபத்து என மூன்றும் வெவ்வேறு சொற்களாதலால் குழப்பம் குறைவு. எனினும் இவ்விரு முறைகளும் மழையின் தன்மையையே கூறுகின்றன. கேட்பவர் செய்யவேண்டியதைக் கூறவில்லை.

மூன்று மலைகள்

இலங்கையின் பதுளை மாவட்டத்தில் கொஸ்லந்தைக்கு அருகிலுள்ள மீரியபெத்தையில், 2014 அக்டோபர் 29ஆம் நாள் காலை லயங்கள் மண்ணில் புதைந்தன. அவ்விடம் ஆபத்தானது, மக்களை அகற்றவேண்டும் என்று தேசியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் அறிவுறுத்தியிருந்தது. அறிவுரை தாளில் இருந்தது. குடும்பங்கள் லயத்திலேயே இருந்தன. போ என்றால் எங்கே போவது என்ற வினாவுக்கு அவர்களுக்கு விடை கிடைக்கவில்லை. தாம் வாழும் மண்ணில் ஒரு துண்டும் சொந்தமில்லாதவர்க்கு, சொல் மட்டும் வீடாகாது. மொழியின் ஆற்றலைப் பேசவந்த நாம் மொழியின் எல்லையையும் இங்கே குறித்துக்கொள்வது கடமை.

பெட்டிமுடியில் மாண்டோர் எழுபதின்மர். அவர்களில் பலர் தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாற்றுப் பகுதியை வேராகக் கொண்ட தமிழர். மின்சாரமும் தொலைபேசித் தொடர்பும் அற்றுப்போன அந்த இரவில், நிகழ்ந்தது வெளியுலகிற்குத் தெரிய மறுநாள் காலையாயிற்று. வெளியிலிருந்து வரும் குரலை மட்டும் நம்பியிருக்கும் ஊரில், கம்பி அறுந்தால் எச்சரிக்கையும் அறும் என்பது அதன் பாடம்.

வயநாட்டின் கல்பற்றையில் இயங்கும் ஹியூம் சூழலியல் மையம், உள்ளூர் மக்களே நாள்தோறும் படித்துச் சொல்லும் இருநூறுக்கு மேற்பட்ட மழைமானிகளை அம்மாவட்டத்தில் பரப்பியிருக்கிறது. 2024 ஜூலைப் பேரிடருக்கு முந்தைய நாளே, அவ்வளவுகளைக் கொண்டு ஆபத்தை மாவட்ட ஆட்சிக்கு அம்மையம் தெரிவித்தது. அறிவு மலையிலேயே பிறந்தது. ஆயினும் அது எல்லா வாசல்களிலும் வெளியேறு என்ற சொல்லாக ஒலிக்கவில்லை. இருநூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

பயிலரங்கில் நிகழவேண்டியது

பயிலரங்கு என்ற சொல் பயிலும் இடம் என்று பொருள்படும். யார் பயில்வது? நகரத்திலிருந்து வரும் வல்லுநர் படங்காட்டிப் பேச, மலைமக்கள் தேநீரருந்திக் கலைவது பயிலரங்காகாது. 1980களிலிருந்து இராபர்ட் சேம்பர்ஸ் போன்றோர் வளர்த்தெடுத்த பங்கேற்பு முறைகளில், வல்லுநரே முதலில் பயில்பவர். ஊரார் தரையில் கோலமாவாலும் கல்லாலும் தம் ஊரின் படத்தை வரைவர்: இங்கே லயம், இங்கே ஓடை, இங்கே கோயில். அப்பாட்டனார் காலத்தில் மண் இறங்கிய இடம் எது என்று ஒரு மூதாட்டி விரலால் காட்டுவார். அரசாங்க வரைபடத்தில் இல்லாத அந்தக் கோடே சில வேளை உயிர் காக்கும்.

அங்கே கேட்கும் வினாவின் சொற்களும் முதன்மையானவை. ‘பருவநிலை மாற்றத்திற்கு நீங்கள் எவ்வாறு தகவமைகிறீர்கள்?’ என்று கேட்டால் அமைதியே விடையாகும். ‘மழை முன்போலவா வருகிறது? வராவிட்டால், நீங்கள் எதை மாற்றிக்கொண்டீர்கள்?’ என்று கேட்டால் பேச்சுப் பிறக்கும். கொழுந்து பறிக்கும் நேரம், விறகு சேர்க்கும் மாதம், பிள்ளைகள் பள்ளிக்குச் செல்லும் தடம் என ஒவ்வொன்றாக வெளிவரும். சுவரில் புதிய வெடிப்பு, நிலைக்கதவு இறுகுதல், மரம் சாய்தல், இல்லாத இடத்தில் ஊற்று, தெளிந்த ஓடை திடீரெனக் கலங்குதல் அல்லது வற்றுதல் ஆகியவை மண் நகரும் குறிகள் என நிலவியலார் கூறுவர். இவற்றுள் பலவற்றை மலைமக்கள் தம் சொற்களில் ஏற்கனவே அறிந்திருப்பர். அச்சொற்களையே எச்சரிக்கைப் பட்டியலில் எழுதவேண்டும்.

மழையளவையும் அவ்வாறே ஊர்ச்சொல்லாக்கலாம். இலங்கை நிறுவனத்தின் வரையறையில் 24 மணி நேரத்தில் 75 மில்லிமீட்டர் பெய்தால் விழிப்பு. 100 ஆனால் ஆயத்தம். 150ஐ எட்டினால் வெளியேற்றம். நம் பழைய அளவையில் பன்னிரண்டு விரல் ஒரு சாண். 75 மில்லிமீட்டர் என்பது ஏறத்தாழ நான்கு விரல் அகலம். 150 என்பது எட்டு விரல். நேரான சுவருள்ள ஒரு மைலோ டின்னைக் கூரைநீரும் மரக்கிளையும் படாத வெளியில் வைத்து, பயிலரங்கிலேயே அளவுகோல் கொண்டு மூன்று கோடுகள் இட்டுவிட்டால் போதும். நாள்தோறும் காலையில் ஊற்றிவிடுவது, மாலையில் இருட்டுமுன் பார்ப்பது. ‘நாலு விரல், கண் திற, எட்டு விரல், இடம் மாறு’ என்று அவ்வூர்ச் சிறுவர் சொல்லத் தொடங்கினால், மின்சாரம் அற்ற இரவிலும் அந்த எச்சரிக்கை அறாது. ஆனால் இந்த எல்லைகள் இலங்கை மலைகளுக்கு வகுத்தவை. கேமரன் மலைக்கும் பத்தாங் காலிக்கும் உரிய எண்களை அவ்வம் மலையின் மண்ணறிந்தோரே வரையறுக்கவேண்டும். காட்டை வெட்டிச் சாய்வைக் கீறிய இடத்தில் எல்லை இன்னும் கீழே இறங்கும்.

நம் பங்கு

நம் நாட்டின் பொதுப்பணித் துறை 2004இல் சாய்வுப் பொறியியலுக்கெனத் தனிப்பிரிவு ஒன்றை நிறுவியது. தேசியப் பேரிடர் மேலாண்மை முகவாண்மை 2015இல் தோன்றியது. கருவியும் வல்லுநரும் இல்லாத நாடன்று இது. 1929இல் கேமரன் மலையில் தொடங்கிய போ தேயிலைத் தோட்டத்தில் உழைத்தோருள் தமிழர் பலர். இன்று அம்மலைகளில் தமிழரோடு செமாய் மக்களும் நேப்பாளத்தினரும் வங்காளதேசத்தினரும் வாழ்கின்றனர். அங்கே நடைபெறும் பயிலரங்குகளுக்கு இத்தகைய மன்றங்கள் மூன்று பணிகளைச் செய்யலாம்.

முதலாவது, கேமரன் மலை முதல் உலு சிலாங்கூர் வரை மலைத்தோட்டத் தமிழர் மழைக்கும் ஓடைக்கும் மண்ணுக்கும் வழங்கும் சொற்களை, அம்மூத்த தலைமுறை மறையுமுன் தொகுத்தல். இரண்டாவது, அரசின் மலாய் எச்சரிக்கைகளுக்கு நேரான தமிழ்த் தொடர்களை, செய்யவேண்டிய வினையை முன்னிறுத்தி எழுதுதல். எழுதியதை அச்சுக்கு அனுப்புமுன் எழுத்தறியாத ஒருவர்க்குப் படித்துக்காட்டி, ‘இதைக் கேட்டால் நீங்கள் என்ன செய்வீர்கள்?’ என்று வினவுதல். அவர் விடை தவறினால் தொடரைத்தான் திருத்தவேண்டும். மூன்றாவது, ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட நம் தமிழ்ப்பள்ளிகளில் இயன்றவற்றில் எல்லாம் ஒரு மழைமானி வைத்து, மாணவர் நாள்தோறும் தமிழில் குறிப்பெழுதச் செய்தல். கிள்ளானிலும் காப்பாரிலும் உள்ள பள்ளிகள் எழுதும் குறிப்பை மலைப்பள்ளிகளின் குறிப்போடு ஒப்பிட்டால், மேலே பெய்த மழை கீழே வருவதைப் பிள்ளைகள் தாமே கண்டுகொள்வர்.

கலைச்சொல்லாக்கத்தில் நாம் நெடுங்காலம் உழைத்திருக்கிறோம். ஆட்சிக்கும் அறிவியலுக்கும் சட்டத்திற்கும் ஆயிரக்கணக்கான சொற்களைப் படைத்தோம். அவற்றுள் பல அகராதியிலேயே தங்கிவிட்டன. அதனால் எவர்க்கும் பெருந்தீங்கு நேரவில்லை. மலைக்குரிய இந்தச் சில சொற்கள் அவ்வாறு தங்கிவிடலாகாது. வரும் கூதிர்காலத்திற்குமுன் ஒரு மலைத்தோட்டத்திலேனும் இப்பணியைத் தொடங்க மன்றம் முடிவெடுக்குமாயின், அதற்கு வேண்டிய உழைப்பைத் தர யாம் அணியமாயிருக்கிறோம்.