கப்பலுக்கு முன்னே கரையில் ஓர் இரவு



ஒரு காலத்தில் பட்டிமன்றத்தில் கண்ணகியா மாதவியா என்று பேசினோம். பிறகு மாமியாரா மருமகளா என்று பேசினோம். இன்றைக்கு நடுத்தரக் குடும்பமும் சொகுசுக் கப்பலில் போகிற காலம் வந்துவிட்டது. அதனால் தலைப்பும் மாறியிருக்கிறது. கப்பல் ஏறும் ஊருக்கு முதல் நாளே விமானத்தில் போய்த் தங்குவதா, கப்பல் புறப்படுகிற அன்றைக்கே போய் இறங்குவதா? முதல் நாளே போக வேண்டும் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவி, என் அன்புச் சகோதரி, கணக்கை அழகாகப் போட்டார்கள். "சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு விமானம் ஏறக்குறைய நாலு மணி நேரம். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு ஏறினா, அந்த ஊர் கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால ஓடறதால, காலையில ஏழு மணிக்குள்ள இறங்கிடலாம். கப்பல் சாயங்காலம் அஞ்சு மணிக்குத்தான். நடுவுல பத்து மணி நேரம் சும்மா கிடக்கு. அதுக்கு எதுக்குய்யா ஹோட்டல்?" என்று கேட்டார்கள். நீங்களும் கை தட்டினீர்கள். நானும் தட்டினேன். (சிரிப்பு) ஆனால் அந்தப் பத்து மணி நேரத்தை நான் கொஞ்சம் பிரித்துப் பார்க்கிறேன், நடுவர் அவர்களே.

ஏழு மணிக்கு விமானம் இறங்குகிறது. குடிவரவு வரிசை, பெட்டி வருகிற சுழல் பட்டை, எல்லாம் முடிந்து வெளியே வர எட்டரை. சரி. கப்பல் ஐந்து மணிக்குத்தானே என்கிறீர்கள். ஐந்து மணி என்பது கப்பல் கயிறை அவிழ்க்கிற நேரம். நம்மை ஏற்றுகிற நேரம் அல்ல. புறப்படுவதற்கு ஒரு மணி, ஒன்றரை மணி நேரத்துக்கு முன்பே பதிவை மூடிவிடுவார்கள். ஏன்? யார் யார் ஏறினார்கள் என்ற பட்டியலை அரசாங்கத்துக்குக் கொடுக்க வேண்டும். அமெரிக்கத் துறைமுகங்களில் புறப்படுவதற்கு 60 நிமிடம் முன்னதாகவே அந்தப் பட்டியல் போய்ச் சேர வேண்டும் என்பது சட்டம். பட்டியல் போன பிறகு நீங்கள் மூச்சிரைக்க ஓடி வந்து, "சார், கப்பல் இங்கேதானே நிக்குது, நான் தாண்டிக் குதிச்சிடறேன்" என்றால் விடுவார்களா? நம்ம ஊர் டவுன் பஸ்ஸா, நடத்துனர் விசிலடித்து நிறுத்த? (சிரிப்பு) ஆக, மூன்றரை மணிக்குக் கதவு மூடுகிறது. சகோதரியின் பத்து மணி நேரம் ஏழு மணி நேரமாகச் சுருங்கிவிட்டது.

சரி, ஏழு மணி நேரமும் நிறையத்தானே என்பார்கள். இங்கேதான் முக்கியமான இடத்துக்கு வருகிறேன். உங்கள் விமானம் இரண்டு மணி நேரம் தாமதமானால் ஏழு மணி நேரம் போதும். ஆனால் விமானமே ரத்தானால்? அப்போது கேட்க வேண்டிய கேள்வி, "எத்தனை மணி நேரம் கையில் இருக்கிறது?" என்பதல்ல. "அடுத்த விமானம் எப்போது? அதில் நான்கு இடம் காலியாக இருக்கிறதா?" என்பதுதான். நாம் எப்போது கப்பலில் போவோம்? மே மாதம் பிள்ளைகளுக்கு லீவு விட்டால் போவோம். இல்லாவிட்டால் டிசம்பரில் போவோம். அப்போதுதான் எல்லா விமானமும் நிரம்பி வழியும். ஓர் இடம் கிடைக்கும். நான்கு இடம் கிடைக்காது. அப்பா மட்டும் கப்பலில் போய், "நீங்கள்லாம் பின்னால வாங்க" என்று கையசைக்க முடியுமா? அப்படிப் போனால் திரும்பி வீட்டுக்கு வர முடியுமா? (பலத்த சிரிப்பு)

எதிரணியில் பேசிய தம்பி ஒருவர், "விமானமெல்லாம் அப்படி அடிக்கடி நிக்காதுங்க, இவங்க பயமுறுத்தறாங்க" என்றார். தம்பி, பட்டியல் தருகிறேன். 2024 ஜூலை 19. எங்கோ ஒரு கம்பெனி கம்ப்யூட்டருக்கு ஒரு புதுப்பிப்பை அனுப்பியது. அதில் பிழை. உலகம் முழுக்க எண்பத்தைந்து லட்சம் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையைக் காட்டி நின்றன. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைப் பேனாவால் எழுதிக் கொடுத்தார்கள். மறுநாள் நிலைமை சீரானது. 2025 மார்ச் 21. லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்துக்கு மின்சாரம் கொடுக்கும் துணை மின் நிலையத்தில் தீ. ஆயிரத்து முந்நூறுக்கும் மேற்பட்ட விமானங்கள் பாதிப்பு. மறுநாள் பழையபடி இயங்கியது. அன்றைக்குப் பிற்பகல் சவுத்தாம்ப்டனில் கப்பல் ஏறலாம் என்று ஹீத்ரோவை நம்பிப் பறந்தவன் கதி என்ன? முதல் நாளே போய்ப் படுத்திருந்தவன், காலையில் காப்பி குடித்துக்கொண்டே அந்தச் செய்தியைப் படித்திருப்பான்! (கைதட்டல்)

நடுவர் அவர்கள் கவனிக்க வேண்டும். இந்த இரண்டிலும் "மறுநாள்" என்றொரு சொல் வருகிறது. இயந்திரக் கோளாறு, மூடுபனி, ஆள் பற்றாக்குறை, கம்ப்யூட்டர் தகராறு, இவற்றில் பெரும்பாலானவை ஒரு நாளுக்குள் அடங்குகிற துன்பங்கள். ஒரு நாள் துன்பத்துக்கு ஒரு நாள் குடை. அவ்வளவுதான் நாங்கள் கேட்பது.

"அப்படின்னா 2010-இல் ஐஸ்லாந்து எரிமலை வெடிச்சு, ஐரோப்பா வானமே ஆறு நாள் போல மூடிக் கிடந்ததே, அதுக்கு ஆறு நாள் முன்னாடி போவீங்களா?" என்று அதே தம்பி மடக்கினார். (அந்த எரிமலையின் பெயரைச் சொல்ல நான் இன்னொரு டாக்டர் பட்டம் வாங்க வேண்டும்.) மாட்டோம் தம்பி, போக மாட்டோம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் நம் சென்னை விமான நிலையமே நாட்கணக்கில் மூடிக் கிடந்தது. அதற்கெல்லாம் முதல் நாள் பயணம் மருந்தாகாது, ஒப்புக்கொள்கிறேன். புயலுக்குக் குடை தாங்காது என்பதற்காக மழைக்கும் குடை வேண்டாம் என்பீர்களா?

இன்னொருவர் டைட்டானிக் கப்பலைக் கொண்டு வந்தார். 1912 ஏப்ரல் 10-ஆம் தேதி சவுத்தாம்ப்டனில் கரி தள்ளும் வேலைக்குச் சேர்ந்த மூன்று சகோதரர்கள், மதுக்கடையிலிருந்து திரும்புகிற வழியில் ரயில் குறுக்கே போனதால் தாமதமாகி, கப்பலை விட்டார்கள், உயிர் பிழைத்தார்கள். "பாத்தீங்களா, லேட்டாப் போறது நல்லது" என்றார். ஐயா, கப்பல் மூழ்கட்டும் என்று நம்பியா நீங்கள் டிக்கெட் வாங்குகிறீர்கள்? (சிரிப்பு) அதே கப்பலில் அன்று காலையில்தான் லண்டனிலிருந்து கிளம்பி வந்து ஏறியவர்களும் உண்டு. எப்படி வந்தார்கள்? அந்தக் கப்பலுக்கென்றே விட்ட தனி ரயிலில் வந்தார்கள். ரயில் தாமதமானால் ரயில்காரனும் கப்பல்காரனும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்வார்கள். இன்றைக்கு நீங்கள் மலிவாக இருக்கிறதென்று தனியாக வாங்கிய விமான டிக்கெட்டுக்கும் கப்பலுக்கும் என்ன உறவு? எந்த உறவும் கிடையாது. கப்பல் கம்பெனி மூலமாகவே விமானமும் பதிவு செய்தால், தாமதமானால் அடுத்த துறைமுகத்துக்காவது கொண்டுபோய்ச் சேர்க்க உதவுகிறவர்கள் இருக்கிறார்கள். நாம் தனித்தனியாக வாங்கினால், பழி நம் தலையில்.

இப்போது பணக் கணக்கு. ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன். நான்கு பேருக்குக் கப்பல் டிக்கெட் மூன்று லட்சம். ஒரு ராத்திரி ஹோட்டல் பத்தாயிரம். அந்தப் பத்தாயிரத்தை மிச்சம் பிடிக்கிறோம் என்கிறார் சகோதரி. முப்பது பயணத்தில் மிச்சம் பிடித்தால் மூன்று லட்சம். முப்பதில் ஒரே ஒரு பயணத்தில் கப்பலை விட்டால் அத்தனையும் போச்சு. ஏனென்றால் நேரத்துக்கு வராதவனுக்குப் பொதுவாகக் கப்பல் டிக்கெட் பணம் திரும்பாது. இன்சூரன்ஸ் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. அதில் பொடி எழுத்தில், எத்தனை மணி நேரத் தாமதம், என்ன காரணம், போதிய அவகாசம் வைத்துக் கிளம்பினீர்களா என்று ஆயிரம் கேட்பார்கள். படித்துவிட்டு வாங்குங்கள்.

பெட்டி விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். நாம் வந்து, பெட்டி வராமல் போனால்? ஹோட்டலில் இருந்தால் மறுநாள் கொண்டு வந்து தருவார்கள். கப்பலில் போய்விட்டால் பெட்டி உங்களைக் கடலில் நீந்தியா துரத்தும்? சர்வதேச உடன்படிக்கைப்படி 21 நாள் வராமல் இருந்தால்தான் பெட்டி தொலைந்ததாகவே கணக்கு. மூன்று நாள் கப்பல் பயணத்தில் 21 நாளுக்கு எங்கே போவது? அதனால் தாய்மார்களே, பாஸ்போர்ட், மாத்திரை, ஒரு மாற்றுத் துணி, இவற்றைக் கைப்பையில் வையுங்கள். எந்த அணி ஜெயித்தாலும் இதைச் செய்யுங்கள். (கைதட்டல்)

நான் தமிழ் வாத்தியார். வள்ளுவர் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்று மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார்; 48, 49, 50. முதலில் உன் சக்தி என்ன என்று பார், பிறகு நேரத்தைப் பார், பிறகு இடத்தைப் பார். எதிரணியினர் 48-லேயே, பர்ஸைப் பார்த்தபடி, நின்றுவிட்டார்கள். (சிரிப்பு) நெய்தல் நிலத்துக்கு உரிப்பொருள் இரங்கல் என்று நம் இலக்கணம் சொல்லும். கடற்கரையில் நின்று ஏங்குவது. பெட்டியைப் பிடித்துக்கொண்டு, போகிற கப்பலைப் பார்த்து நிற்பவனுக்கு இதைவிடப் பொருத்தமான திணை கிடையாது!

சிரித்தோம். இனிச் சிரிக்க முடியாத ஒன்றைச் சொல்கிறேன்.

எங்கள் தெருவில் ஒரு வங்கி ஊழியர். 2019-இல் ஓய்வு பெற்றார். அவருடைய அம்மாவுக்கு அப்போது எண்பது வயது. அந்த அம்மா சின்னப் பெண்ணாக இருக்கும்போது, அவருடைய தகப்பனார் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் பினாங்குக்குப் போனவர். போனவர் திரும்பவில்லை, அங்கேயே காலமாகிவிட்டார். "அப்பா போன ஊரை, கப்பல்லயே போய் ஒரு தரம் பாக்கணும்டா" என்பது அந்த அம்மாவின் ஆசை. மகன் ஓய்வூதியப் பணத்தில் டிக்கெட் வாங்கினார். சிங்கப்பூரில் ஏறி, பினாங்கு பார்த்து, மூன்று இரவில் திரும்புகிற கப்பல். விமானம் அன்றைக்கே போய் இறங்குகிற மாதிரி. நள்ளிரவில் விமானத்தில் ஏதோ கோளாறு என்றார்கள். காலையில் மாற்றிக் கொடுத்த விமானம் சிங்கப்பூரில் இறங்கியபோது மாலை ஐந்தரை. கப்பல் போய்விட்டது. பினாங்குக்குப் பறந்து போய்ப் பிடிக்கலாமா என்றால், மலேசியாவுக்குள் விமானத்தில் இறங்க அன்றைக்கு விசா வேண்டும். கையில் இல்லை.

மூன்று நாள் சிராங்கூன் சாலையில் ஒரு விடுதியில் இருந்துவிட்டுத் திரும்பினார்கள். மகன் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தபோது அந்த அம்மா சொன்னாராம்: "நாம வர்றது கப்பலுக்கு எப்படிடா தெரியும்? விடு." அடுத்த வருஷம் போகலாம் என்றார்கள். அடுத்த வருஷம் 2020. கொரோனாவில் உலகத்துக் கப்பல்களெல்லாம் நங்கூரம் பாய்ச்சி நின்றன. கப்பல் மறுபடி ஓடத் தொடங்கியபோது அந்த அம்மாவின் முழங்கால் ஓடவில்லை. இப்போதும் வாசலில் உட்கார்ந்து பூக்கட்டுகிறார். பினாங்கைப் பற்றிப் பேசுவதில்லை.

மூன்று லட்சம் போனால் சம்பாதிக்கலாம், நடுவர் அவர்களே. எண்பது வயதை யாரிடம் திரும்ப வாங்குவது? (அமைதி)

அந்த அம்மாவின் தகப்பனார் காலத்தில் வெளிநாடு போனவர்கள் ஊரிலிருந்து நாகப்பட்டினத்துக்கு வந்து, கப்பலுக்காகக் காத்திருந்து, வைத்தியப் பரிசோதனை முடித்து ஏறினார்கள். மனிதன்தான் கப்பலுக்குக் காத்திருக்க வேண்டும். கப்பல் மனிதனுக்குக் காத்திருக்காது என்று அவர்களுக்குத் தெரியும். விமானம் வந்த பிறகு நமக்குத்தான் மறந்துவிட்டது.

எதிரணிக்கு ஒன்று விட்டுக் கொடுக்கிறேன். கப்பல் ஏறும் ஊர் பக்கத்திலேயே இருக்கிறது, ரயிலிலோ காரிலோ போய்விடலாம், ஒரு விமானம் போனால் காலையிலேயே இன்னும் மூன்று விமானம் உண்டு, போகிறவர்கள் இரண்டே இளைஞர்கள், கப்பல் போனாலும் சிரித்துக்கொண்டு ஊர் சுற்றுவார்கள் என்றால், அன்றைக்கே போகட்டும். வாழ்த்துகிறேன். ஆனால் கூட வயதானவர்கள், குழந்தைகள், வாழ்நாளில் ஒருமுறை என்று சேர்த்த பணம் இருந்தால், முதல் நாளே போங்கள்.

இரவு ஒன்பதே முக்கால் ரயிலுக்கு ஏழு மணிக்கே எழும்பூரில் போய் உட்காருகிற பரம்பரை நாம். (சிரிப்பு) ரயிலைவிட்டால் காலையில் பஸ் உண்டு. கப்பலைவிட்டால் கடல்தான் உண்டு. எனவே, கரையில் ஓர் இரவு தங்குவதே குடும்பத்துக்கு நல்லது என்று நடுவர் அவர்கள் தீர்ப்பு வழங்க வேண்டுமெனக் கேட்டு அமர்கிறேன். (நீண்ட கைதட்டல்)