மரம் ஏறுவோரை வீழாமற் காப்போம்



காலபோகத்துக்கு நிலத்தை ஆயத்தஞ் செய்யும்போது இரண்டு தேவைகளுக்காக மரத்தை நாடுகின்றோம். ஒன்று, பசளைக்குக் குழை வெட்டுதல். மற்றது, பயிருக்கு நிழல் செய்யும் கொப்புகளைத் தறித்தல். விதைநெல்லைப் பற்றிப் பலமுறை யோசிக்கும் நாம், மரத்தில் ஏறியவர் எவ்வாறு பத்திரமாக இறங்குவார் என்பதை யோசிப்பதில்லை. அதனைப் பற்றியே இன்று சில கூற விரும்புகின்றேன்.

20 அடி உயரத்திலிருந்து வீழ்பவர் ஒரு வினாடிக்குச் சற்றுக் கூடிய நேரத்தில் நிலத்தை அடைவார். அப்போது அவரது வேகம் மணிக்கு ஏறக்குறைய 39 கிலோமீற்றர். இடையிற் கொப்பைப் பிடித்துத் தப்பலாமென்பது வீண் நம்பிக்கை. முள்ளந்தண்டு முறிந்தால் உழைத்தவர் படுக்கையிலாவார்; அவரை நம்பிய குடும்பம் தவிக்கும்.

ஆதலால், ஏறாமற் செய்யக்கூடிய வேலைக்கு எவரையும் ஏற்றாதீர்கள். எட்டும் குழையைக் கொக்கத்தடியால் வெட்டுக. வேலியிற் சீமைக்கிளுவையை நட்டு, இடுப்பளவு உயரத்தில் வெட்டிவந்தால், அது மீண்டும் மீண்டும் தளிர்க்கும். நிலத்தில் நின்றே குழை பெறலாம்.

ஏறியே ஆகவேண்டுமாயின், முதலில் மரத்தைச் சுற்றிப் பாருங்கள். பொந்து, பட்ட கொப்பு, குளவிக் கூடு உண்டா? முருங்கைக் கொப்பு எளிதில் முறியும். அதில் ஏறுதல் ஆகாது. மழையிலும் பலத்த காற்றிலும் வேலையை நிறுத்துக. மின்கம்பிக்கு 10 அடிக்குள் கொப்பு இருந்தால் நீங்கள் தொடாது, மின்சார அலுவலகத்துக்கு அறிவியுங்கள். ஈரத்தடியிலும் மின்சாரம் பாயும்.

இடுப்பில் மட்டும் கட்டிய கயிறு, வீழும்போது வயிற்றை இறுக்கி உள்ளுறுப்புகளைச் சிதைக்கும். தோளையும் தொடைகளையும் சேர்த்துத் தாங்கும் பாதுகாப்பு வாரே ஏற்றது. அதன் கயிற்றை, ஏறியவரின் தலைக்கு மேலே, அடிமரத்தையொட்டிய உறுதியான பச்சைக் கொப்பிற் கட்டுக. வெட்டும் கொப்பிற் கட்டலாகாது. கயிறு தொய்வின்றி இருத்தல் வேண்டும். கத்தி தவறிக் கயிற்றில் படக்கூடும். ஆதலால் வெட்டும்போது இரண்டாவது கயிறும் இருக்கட்டும்.

பெருங் கொப்பை முதலிற் கீழ்ப்புறம் சிறிது அறுத்து, பின்னர் அதற்குச் சற்று வெளியே மேற்புறமாக அறுத்து வீழ்த்துக. மிஞ்சிய துண்டைக் கடைசியில் நீக்குக. இவ்வாறு செய்தால் கொப்பு பட்டையோடு கிழிந்து ஆளின்மேல் திரும்பாது.

சில இடங்களிற் கூடை பொருத்திய தூக்கு வண்டி கிடைக்கும். கூடைக்குள் நிற்பவரும் வார் அணிதல் வேண்டும். கொப்புத் தட்டினாற் கூடை துள்ளி ஆளை வெளியே எறியும். கயிற்றை வண்டியின் தூக்குக் கையிற் கட்டுக. மரத்திற் கட்டினால், கூடை அசையும்போது ஆள் இழுபடுவார். வயல் வரம்போரத்து மண் இளகியது; வண்டியின் தாங்குகால்களின் கீழ்த் தடித்த பலகை இடாவிட்டால் அவை புதையும், வண்டி சரியும். பெக்கோ இயந்திரத்தின் வாளியில் ஆளை ஏற்றுதல் ஒருபோதும் ஆகாது.

மரத்தடியில் எப்போதும் ஒருவர், வெட்டு வீழும் எல்லைக்கு வெளியே, விழிப்புடன் நிற்கட்டும். வாரில் மயங்கித் தொங்குபவரைத் தாமதியாது இறக்குதல் வேண்டும். நெடுநேரம் தொங்குதலும் உயிருக்கு ஆபத்து. நிலத்தில் வீழ்ந்தவரையோ கைகாலைப் பிடித்துத் தூக்காதீர்கள். முச்சக்கர வண்டியில் மடக்கி ஏற்றாதீர்கள். முறிந்த முள்ளந்தண்டு அதனால் மேலும் சேதமுறும். தலையும் கழுத்தும் அசையாது பிடித்துக்கொண்டு, 1990 என்னும் இலவச அம்புலன்ஸ் இலக்கத்தை அழையுங்கள்.

கூலிக்கு ஏறுபவர் தமக்கு வார் வேண்டுமென்று வாய்திறந்து கேட்கமாட்டார்; கேட்டால் அடுத்த வேலை கிடையாதென்று அஞ்சுவார். ஆகவே கொடுக்கவேண்டியது வேலைக்கு அழைக்கும் நமது கடமையாகும். தனியொருவருக்கு விலை பாரமாயின், உங்கள் கமக்காரர் அமைப்பு ஒரு வாரும் நல்ல நைலோன் கயிறும் வாங்கிப் பொதுவில் வைக்கலாம். நைந்த கயிற்றை அன்றே வெட்டியெறியுங்கள். அடுத்த கூட்டத்தில் இதனை முதல் விடயமாக எடுத்துப் பேசுவீர்களாக.